சிவப்புக் கட்டம் போட்ட பட்டி

விக்டோரியா கடை வாசலில் செருப்பைக் கழற்றி வைத்தபோதே விஷயம் சரியில்லை என்று முத்துச்செல்வத்துக்குப் பட்டுவிட்டது. தையல் கடைக்குள் யாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வருவதில்லை. கோயிலுக்குள் அப்படிப் போவார்கள், பயந்தவர்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளும் போவார்கள். மாப்பிள்ளையூரணி மெயின் ரோட்டில் ஒரு மெஷினும் ஒரு வெட்டுமேசையும் போட்ட அவன் கடை இரண்டிலும் சேர்த்தியில்லை.

அவள் பார்க்க வந்தது அவனை அல்ல. சுவரோரப் பெஞ்சில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த தங்கத்தாயை. முப்பத்தோரு வருஷம் போலீஸில் இருந்து, சப் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். எதிர்வீடு. வீட்டு ஃபேன் சரியாகச் சுற்றுவதில்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டு பகலெல்லாம் இங்கேதான் இருப்பார். சுற்றுவட்டாரத்தில் யாருக்காவது போலீஸால் ஒரு சங்கடம் வந்தால் அது நேரே அந்தப் பெஞ்சுக்கு வந்து சேரும். முத்துச்செல்வத்துக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. துணி மலையாகக் குவிந்து கிடந்தாலும் கத்தரியைப் போட்டுவிட்டு அவரோடு கிளம்பிவிடுவான்.

“நீ தருவைகுளத்து ரெக்சன் பெஞ்சாதிதான?” என்றார் தங்கத்தாய். “உக்காரு.”

விக்டோரியா உட்காரவில்லை. நூல்கண்டும் துண்டுத் துணியும் வாங்க மாதம் ஒருமுறை வரும் பெண். சிரித்தபடி விலையைக் குறைத்துக் கேட்பாள். இன்று வெள்ளைச் சேலையில் நின்றாள்.

“என் மாப்பிள்ளையக் கொன்னுட்டான்னு என் தம்பியப் பிடிச்சு ஜெயில்ல போட்டுட்டாவ,” என்றாள் அவள். “அவன்தான் செஞ்சான்னா நானே அவனுக்குக் கல்லறை வெட்டுவேன். செய்யலன்னா, எனக்குத் தெரியணும். எந்தப் பக்கம் அழுறதுன்னே தெரியாம நிக்கேன்.”

அவள் சொன்னது இது. ரெக்சன் சங்கு குளிப்பவன். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வரும் காற்று டியூபை வாயில் கவ்விக்கொண்டு அவன் அடியில் இறங்குவான். மேலே டியூபைப் பிடித்துக்கொண்டிருப்பது அவள் தம்பி இஞ்ஞாசி. சில நாள் அவனும் இறங்குவான். போன வியாழக்கிழமை ஊர்க் கோயிலில் சப்பரத் திருவிழா. அன்று யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். இவர்கள் இரண்டு பேர் மட்டும் காலையில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வருவதாகப் போனார்கள்.

“பன்னெண்டு மணிக்கே கரைக்கு வந்துட்டோம்ங்கான் தம்பி. அவ்வோ, எங்க வீட்டுக்காரவ, சங்கு குளிக்கிற சட்டையக் கழட்டி நல்ல தண்ணில அலசி, குடோன் பக்கத்துக் கயித்துல காயப்போட்டுட்டு, புதுச்சட்டையப் போட்டுக்கிட்டாவளாம். ஒரு ஆளப் பாத்துட்டு நேரே சப்பரத்துக்கு வாரேன், நீ போன்னு சொன்னாவளாம். அப்புறம் யாரும் பாக்கல. கரையில ஈ காக்கா கிடையாது. ஊரே கோயில்ல நிக்கி.”

“எந்தப் புதுச்சட்டை?”

“சப்பரத்துக்குன்னு நான் தச்ச சட்டை. நீல நெறம். அதையும் காணல.”

சனிக்கிழமை விடியும்போது ரெக்சனின் உடம்பு கரையோரம் ஒதுங்கியது. குளிக்கிற சட்டை, இடுப்பில் ஈயக்கட்டி பெல்ட், கூடவே அறுத்த டியூப் ஒரு முழம். பின்மண்டையில் காயம். வள்ளத்தில் இடித்திருக்கலாம் என்றார்கள். கரைக்கு வந்து சட்டையைக் கழற்றியவன் எப்படிச் சட்டையோடு கடலில் கிடப்பான்? ஆக, இஞ்ஞாசி சொன்னது பொய், டியூபை அறுத்ததும் அவனே என்று போலீஸ் முடிவு கட்டியது. போதாக்குறைக்கு ஒரு சாட்சியும் இருந்தார்.

“அம்புரோஸ் அண்ணாச்சி. மூணு மணிக்கு எங்க வள்ளம் கடல்ல நின்னதாவும், அவ்வோ குளிக்கிற சட்டையோட அதுல நின்னதாவும் எழுதிக் குடுத்திருக்காவ.”

முத்துச்செல்வம் மெஷினுக்கு மேலே தொங்கிய வெள்ளைச் சட்டையைப் பார்த்தான். அதுவே அம்புரோஸ் அண்ணாச்சியின் சட்டைதான். சங்கு வியாபாரம், கம்ப்ரசர் வாடகை, கோயில் கமிட்டி என்று தருவைகுளத்தில் அவர் கை படாத இடமில்லை. “அவர் வேலைல அவ்வளவு சுத்தம் பாக்குற ஆளுக்கா,” என்றான் தங்கத்தாயிடம். “சட்டைய வாங்குனதும் போட்டுப் பாக்கமாட்டாரு. மொதல்ல உள்பக்கமாப் புரட்டிப் போட்டு, தையல நகத்தால நெரடிப் பாப்பாரு. ஒரு நூல் பிசிறு நின்னாலும் திருப்பிக் குடுத்துருவாரு. அப்படிப்பட்ட மனுஷன் பொய் சொல்லுவாரா?”

“பிசிறுக்கும் பொய்க்கும் என்னலே சம்பந்தம்?” என்ற தங்கத்தாய் விக்டோரியாவின் பக்கம் திரும்பினார். “உன் தம்பிக்கும் ரெக்சனுக்கும் பகை உண்டா?”

விக்டோரியா தலையைக் குனிந்துகொண்டாள். “ஒரு தடவ குடிச்சிட்டு என்னைய அடிச்சிட்டாவ. தம்பி மண்வெட்டியத் தூக்கிட்டு வந்தான். ஊரே பாத்துச்சு. அப்புறம் அவ்வோ குடிக்கவும் இல்ல, அடிக்கவும் இல்ல. ஆனா ஊர் அந்த மண்வெட்டிய மறக்கல.”

“உடம்ப நீதான அடையாளம் காட்டுன?”

“முகத்த மட்டும்தான் காட்டுனாவ. துணியப் போட்டு மூடியிருந்துச்சு. கரையில கிடந்தப்ப எவனோ போட்டோ எடுத்து வாட்ஸப்புல போட்டிருக்கான். அதுக்கப்புறம்தான் நான் பாத்தேன்.” போனை நீட்டியவள் அதைப் பார்க்காமல் வேறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “அதுலதாம்மா ஒண்ணு எனக்குப் பொருந்தல. அந்தச் சட்டைல பட்டியக் காணல.”

முத்துச்செல்வம் எட்டிப் பார்த்தான். ரெக்சன் மல்லாந்து கிடந்தான். உடம்பில் கழுத்து வழியாகப் போடும் கறுப்பு முழுக்கைச் சட்டை. வேறு நிறமே இல்லை.

“என்ன பட்டி?” என்றார் தங்கத்தாய்.

இது முத்துச்செல்வத்தின் சரக்கு. விடுவானா? “துணியோட வெட்டு ஓரம் சும்மா விட்டா பிசிறு பிசிறாப் போயிரும்க்கா. அதுக்கு வேற துணில ஒரு பட்டி வெட்டி, ஓரத்தச் சுத்தி மடிச்சுக் கட்டித் தச்சுருவோம். பட்டிய நேரா வெட்டக்கூடாது, குறுக்காச் சாய்ச்சு வெட்டணும். கிராஸ் பட்டிம்போம். அப்பத்தான் அது இழுத்த இழுப்புக்கு வளையும், கைக்குழி வளைவுல சுருங்காம உக்காரும். நம்ம விக்டோரியா கட்டுற பட்டிய நான் பாத்திருக்கேன். மெஷின்ல தச்சதா வரஞ்சு வச்சதான்னு தெரியாது.”

“அவ்வோளோட பழைய சிவப்புக் கட்டம் போட்ட லுங்கிய வெட்டித்தான் கட்டுனேன்,” என்றாள் விக்டோரியா. “தோளு, கை, ரெண்டு விலா, எல்லாத் தையலுக்கும். கறுப்புச் சட்டைல செவப்பா எடுப்பாத் தெரியும்.”

“அப்ப இது வேற சட்டை!” முத்துச்செல்வம் துள்ளிவிட்டான். “எவனோ வேற சட்டைய மாட்டி விட்டிருக்கான்க்கா. கேஸு முடிஞ்சிது.”

“அவசரப்படாத.” தங்கத்தாய் கண்ணாடியை மூக்கில் இறக்கி, போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கினார். “அந்த வலது கை மணிக்கட்டுல துணி கிழிஞ்சு மடங்கியிருக்கு பாரு. அங்கன என்ன தெரியுது?”

மடங்கிய இடத்தில், விரல்நகம் அளவுக்குச் சிவப்பு. குறுக்கே வெட்டியதால் லுங்கியின் சதுரக் கட்டம் சாய்ந்து டைமனாக நின்றது. முத்துச்செல்வத்தின் உற்சாகம் பாதியாகக் குறைந்தது. “அதே சட்டைதான்,” என்று முனகினான். “பட்டி உள்பக்கம் இருக்கு. இருக்கட்டும், எல்லாச் சட்டைலயும் உள்பக்கம்தான இருக்கும்?”

“இதுல இருக்காது அண்ணாச்சி,” என்றாள் விக்டோரியா. “நாலு மணி நேரம் உப்புத் தண்ணில ஊறுன உடம்பு. உள்பக்கம் தையல் மேடு இருந்தா தோளும் அக்குளும் உரிஞ்சு புண்ணாயிரும். போன வருஷம் சீழ் வச்சு, பதினஞ்சு நாள் ஆஸ்பத்திரில கிடந்தாவ. அதுக்கப்புறம்தான் தையல் பூராவும் வெளிய வார மாதிரித் தச்சேன். வெளிய இருக்குற பிசிறு கடலடிப் பாறைல மாட்டும்லா, அதுக்குத்தான் பட்டி. உடம்புல படுற பக்கம் வழுவழுன்னு இருக்கும். தையல் உள்ள இருக்க மாதிரி அவ்வோ அதப் போடவே மாட்டாவ. தூக்கத்துல கூடப் போடமாட்டாவ.”

தங்கத்தாய் போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு பெஞ்சைப் பிடித்து எழுந்தார். “முத்து, வண்டிய எடு.”

*

தருவைகுளத்துக் கரையில் வள்ளங்கள் வரிசையாகக் கிடந்தன. சங்குக் குடோன்களின் வீச்சம் ரோட்டிலேயே மூக்கைத் துளைத்தது. சங்கின் சதை அழுகிக் கழலும்வரை மூட்டை மூட்டையாக உள்ளே கிடக்கும். வேலையில்லாமல் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார்கள். குடோன் சுவருக்கும் ஒரு பூவரச மரத்துக்கும் நடுவே கட்டிய கயிற்றில் நாலைந்து கறுப்புச் சட்டைகள் காய்ந்தன. ஒவ்வொன்றிலும் பட்டி வெளியே இருந்தது.

கயிற்றடியில் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவன் ஜாக்சன். ரெக்சனோடு குளிக்கப் போகிறவன். சப்பரத்துக்கு முந்தின வாரம் இரண்டு பேரும் இதே கரையில் சட்டையைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருந்தார்கள். அதைக் கேள்விப்பட்டதுமே முத்துச்செல்வம் மனசுக்குள் அவனுக்கு விலங்கு மாட்டிவிட்டான்.

“இதெல்லாம் யார் தச்சது?” என்று கேட்டார் தங்கத்தாய்.

“விக்டோரியாதான். ரெக்சனுக்குப் புண்ணு ஆறுனதப் பாத்துட்டு நாங்க அஞ்சு பேரும் அவகிட்டயே தச்சோம். மொதல்ல சிரிச்சோம், சட்டையப் புரட்டிப் போட்டுருக்கான்னு. போட்டுப் பாத்த பெறகு எவனும் சிரிக்கல.”

“சண்டை எதுக்கு?”

ஜாக்சன் குடோன் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலை இறக்கினான். “போன மாசம் எங்க கூட்டாளி ஒருத்தன் கடலடியிலயே செத்தான். நெஞ்சு வலின்னாங்க. டியூபுல வார காத்துல எஞ்சின் புகை கலந்துருக்கு, கம்ப்ரசர்தான் அவனக் கொன்னுச்சுன்னு ரெக்சன் சொன்னான். அதோட ஃபில்டரக் கழட்டி வச்சிருந்தான், கரி அப்பியிருந்துச்சாம். யாரும் அந்தக் கம்ப்ரசர வச்சுக் குளிக்கப் போகாதீங்கன்னான். எனக்கு மூணு பிள்ளைங்க இருக்கு மேடம். நீ வேணா பயந்து வீட்டுல கிடன்னு சொல்லிட்டேன். அதான் சண்டை. இப்ப நெனச்சா…” டியூபை மறுபடி கையில் எடுத்தான்.

குடோன் கதவைத் திறந்துகொண்டு அம்புரோஸ் வந்தார். அந்த வீச்சத்திலும் அழுக்கிலும் அவர் சட்டை பால் போல இருந்தது. கை மடிப்பு இரண்டு பக்கமும் ஒரே அளவு. முத்துச்செல்வத்தைக் கண்டதும் முகம் மலர்ந்து, “நம்ம சட்டை வெள்ளிக்கிழமை கெடச்சிரும்லா?” என்றார். தங்கத்தாய்க்கு டீ சொன்னார். ரெக்சனைப் பற்றிப் பேசும்போது அவர் கண் கலங்கியது.

“இஞ்ஞாசி சின்னப் பையன். கோவக்காரன். என் வாயால அவனக் காட்டிக் குடுக்கணும்னு இருந்திருக்கு பாருங்க.”

“நல்லாத் தெரிஞ்சுதா அண்ணாச்சி, அவ்வளவு தூரத்துல?”

“எழுதிக் குடுத்துட்டேனே மேடம். அதுல உள்ளதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது.”

திரும்பும் வழியில் முத்துச்செல்வம் ஜாக்சன்மேல் தான் கண்ட குற்றங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தான். தங்கத்தாய் ஊர் எல்லை வரும்வரை பொறுத்துக் கேட்டார். “கயித்துல கிடந்த சட்டை எந்தப் பக்கம் கிடந்துச்சு?” என்று மட்டும் கேட்டார்.

“பட்டி வெளிய.”

“எடுத்தவன் அப்படியே மாட்டிருந்தா?”

முத்துச்செல்வம் வண்டியை ஓரம் கட்டிவிட்டான்.

*

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அம்புரோஸ் சட்டை வாங்க வந்தபோது கடையில் உட்கார இடமில்லை. பெஞ்சில் தங்கத்தாய், பக்கத்தில் இன்ஸ்பெக்டர் செந்தூர்பாண்டி. வாசலோரம் ஜாக்சன். மூலையில் விக்டோரியா. அம்புரோஸ் ஒரு கணம் தயங்கினார்.

“வாங்க அண்ணாச்சி, உங்களுக்குத்தான் காத்திருக்கோம்,” என்றார் தங்கத்தாய். வெட்டுமேசைமேல் ஒரு கறுப்புச் சட்டை கசங்கிக் கிடந்தது. இஞ்ஞாசியின் குளிக்கிற சட்டை. ரெக்சனுடையதுக்கு இரட்டை. “முத்து உங்க சட்டைய எடுக்குதுக்குள்ள இத ஒரு மடி மடிச்சு வைங்களேன். மேசைய அடைச்சுட்டுக் கெடக்கு.”

கசங்கிய துணியைக் கண்டால் அம்புரோஸுக்குக் கை சும்மா இருக்காது. எடுத்தார். உதறினார். சிவப்புப் பட்டியைப் பார்த்ததும் சட்டைக்குள் கையை விட்டு, ஒரு கையைப் புரட்டினார், அடுத்த கையைப் புரட்டினார், உடலைப் புரட்டினார். பட்டியெல்லாம் உள்ளே போயிற்று. வெறும் கறுப்பாக மேசையில் விரித்து நீவி, ஓரத்துக்கு ஓரம் சேர்த்து மடித்து வைத்தார்.

மூலையில் விக்டோரியா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“இதே சட்டைய ஜாக்சன் மடிச்சா புரட்டமாட்டான்,” என்றார் தங்கத்தாய். குரல் கொஞ்சமும் ஏறவில்லை. “இஞ்ஞாசியும் புரட்டமாட்டான். அஞ்சு குளிகாரங்களும் இத தெனம் போடுறவங்க. ரெக்சன் உடம்புல சட்டை புரண்டிருந்துச்சு. உசுரோட இருக்கும்போது அவன் அப்படிப் போடமாட்டான். அப்ப அவன் செத்த பெறகு யாரோ மாட்டிவிட்டிருக்காங்க. கயித்துல பட்டி வெளிய கிடந்தத எடுத்து, இது உள்வெளியா இருக்கு, இப்படியே மாட்டுனா சந்தேகம் வரும்னு நெனச்சு, கவனமாத் திருப்பி மாட்டிருக்காங்க. தையலப் பத்தி நல்லாத் தெரிஞ்ச ஒரு ஆளு. ஆனா குளிக்கத் தெரியாத ஆளு.”

அம்புரோஸ் சிரித்தார். “நல்லாருக்கு மேடம். ஒரு சட்டைய மடிச்சதுக்காக ஒருத்தனத் தூக்குல போடுவீங்களா?”

“மாட்டோம். அதுக்கு நீங்களே எழுதிக் குடுத்தது இருக்கு.” தங்கத்தாய் கை நீட்ட, இன்ஸ்பெக்டர் இரண்டு தாளைக் கொடுத்தார். “ரெண்டும் போன வெள்ளிக்கிழமை எழுதுனது. உடம்பு கெடைக்கிறதுக்கு முந்தின நாள். சாயங்காலம் அஞ்சு மணிக்கு விக்டோரியா, மாப்பிள்ளையக் காணும்னு சொல்லுதா. கயித்துல காயப்போட்ட குளிக்கிற சட்டையையும் காணும்னு அதோட அடையாளத்தச் சொல்லுதா: கறுப்பு முழுக்கைச் சட்டை, தோளுலயும் கையிலயும் விலாவுலயும் சிவப்புக் கட்டம் போட்ட பட்டி. ஆறு மணிக்கு நீங்க சாட்சி சொல்லுதீங்க. ஸ்டேஷன் ரைட்டர் அவ சொன்ன அடையாளத்த உங்ககிட்டப் படிச்சுக் காட்டியிருக்காரு. நீங்க சொன்னது: ‘அப்படி இல்லை. முழுக் கறுப்பு. எந்த நிறத்திலும் பட்டி கிடையாது.’”

“தூரத்துல தெரியல மேடம்.”

“தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருப்பீங்க. நீங்க கெடையாதுன்னு சொல்லி, பொண்டாட்டி சொன்னதத் திருத்தியிருக்கீங்க. ரெக்சன் உசுரோட இருக்குற வரைக்கும் அந்தச் சட்டைய முழுக் கறுப்பா யாரும் பாத்தது கெடையாது அண்ணாச்சி. சனிக்கிழமை உடம்பு ஒதுங்குனப்பதான் ஊர் அப்படிப் பாத்துச்சு. வெள்ளிக்கிழமையே அது எப்படி இருக்கும்னு தெரிஞ்சவரு ஒரே ஆளு. எந்தக் கோலத்துல கெடைக்கும்னு தெரிஞ்சதால, சாட்சியும் அதுக்குப் பொருந்தணும்னு கவனமாச் சொல்லியிருக்கீங்க. ரெண்டு எடத்துலயும் உங்க கவனம்தான் உங்கள மாட்டிவிட்டிருக்கு.”

குடோனைச் சோதனை போடப் போயிருந்த போலீஸ்காரரிடமிருந்து இன்ஸ்பெக்டருக்குப் போன் வந்தது. கேட்டுவிட்டு வைத்தார். “உங்க குடோன்ல, சங்கு மூட்டைக்கு அடியில, நீலச் சட்டை ஒண்ணு. காலர்ல ரத்தம். கூடவே ஒரு ஃபில்டர்.”

மெஷினுக்கு மேலே தொங்கிய வெள்ளைச் சட்டையை எடுக்க நீட்டிய கையோடு முத்துச்செல்வம் அப்படியே நின்றான். பத்து வருஷமாக அவருக்குத் தைக்கிறான். அவர் குறை சொல்லாத சட்டையைத் தன் வேலைக்குக் கிடைத்த பரிசாக எண்ணியிருந்தான். கையை இறக்கிக்கொண்டான்.

“தள்ளத்தான் செஞ்சேன்,” என்றார் அம்புரோஸ் கடைசியில். யாரையும் பார்க்கவில்லை. “என் கம்ப்ரசர் ஃபில்டரக் கையில வச்சுக்கிட்டு, சப்பரத்து முன்னால நின்னு ஊருக்கே காட்டப்போறேன்னான். ஒரு தள்ளு. கம்ப்ரசர் மூலைல மண்டை இடிச்சுச்சு. கரையில ஒரு ஆளு இல்ல. என் வள்ளம் பக்கத்துல கெடந்துச்சு. கயித்துல கெடந்த சட்டைய மாட்டி, பெல்ட்டும் அறுத்த டியூபும் கட்டி, கடல்ல கொண்டுபோய்ப் போட்டேன்.” பிறகு அவர் முத்துச்செல்வத்தைப் பார்த்துக் கேட்டதுதான் அவனுக்கு இன்றுவரை மறக்கவில்லை. குற்றத்தைப் பற்றியல்ல, தன் கணக்கு எங்கே பிசகியது என்பதைப் பற்றித்தான் அந்த மனுஷனுக்குக் கவலை. “ஏலே, பட்டி கட்டுறது உள்பக்கம்தான?”

“எல்லாச் சட்டைக்கும் இல்ல,” என்றான் முத்துச்செல்வம். அண்ணாச்சி என்ற சொல் அவன் வாயில் வரவில்லை.

*

ஜீப் போனதும் கூட்டம் கலைந்தது. ஜாக்சன் விக்டோரியாவிடம் ஏதோ சொல்ல வந்து, முடியாமல், தலையைக் குனிந்தபடி போய்விட்டான். திங்கட்கிழமை இஞ்ஞாசியை வெளியே விடுவார்கள் என்று தங்கத்தாய் சொன்னார். விக்டோரியா தலையாட்டினாள். தம்பி திரும்பி வருகிறான், மாப்பிள்ளை வரப்போவதில்லை. எந்தப் பக்கம் அழுவது என்று தெரிந்துவிட்டது. ஆனால் அவள் அழவில்லை.

வெட்டுமேசையில் இஞ்ஞாசியின் சட்டை அந்த மனிதன் மடித்து வைத்த அழகிலேயே இருந்தது. விக்டோரியா அதைப் பிரித்தாள். கையை உள்ளே விட்டு, ஒரு கையை, மறுகையை, உடலைத் திருப்பினாள். சிவப்புப் பட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தோள் வளைவில் ஒரு பட்டியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே கேட்டாள்.

“அண்ணாச்சி, செத்த பெறகு போட்டதுதான. அவ்வோளுக்கு உறுத்தியிருக்காதுல்லா?”

வாய் நீளமென்று ஊரெல்லாம் பேர் வாங்கிய முத்துச்செல்வம் தங்கத்தாயைப் பார்த்தான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“உறுத்தியிருக்காது,” என்றான் முத்துச்செல்வம். “நீ கட்டுன பட்டி.”

அவள் சட்டையை மடித்து மார்போடு வைத்துக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.